எழுதும் ஏட்டைப் படியெடுத்தல்

பனையோலை ஏட்டைப் படியெடுக்கும் தொழில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் புதியதன்று. ஓலையைச் செல்லரிக்கும், ஈரம் கெடுக்கும், கட்டவிழ்த்துக் கட்டவிழ்த்து ஓரங்கள் முறியும். ஆகவே ஏடு சிதைந்தொழியுமுன் அதனைப் பார்த்து மற்றோர் ஏட்டில் எழுதிவைத்தல் பண்டிதர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது. சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், பல இடங்களிலிருந்து ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார்கள். அவ்வாறு படியெடுத்தோர் பட்ட துன்பங்கள் பல. எழுத்து மங்கியிருக்கும், புள்ளி இராது, நடுவே ஓலை காணாமற்போயிருக்கும். ஆயினும் அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. படியெடுத்துக்கொண்டிருக்கும்போது மூல ஏடு மாறுவதில்லை. காலையிற் கண்ட பாட்டு மாலையிலும் அதே பாட்டாகவே இருக்கும்.

படி இல்லாதவிடத்து நேர்வது யாதென்பதைக் குடாநாடு 1981ஆம் ஆண்டு கண்டது. அவ்வாண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. 1933ஆம் ஆண்டு க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டில் சிறு அளவிலே தொடங்கிய முயற்சி வளர்ந்து, 1959ஆம் ஆண்டு பெருங்கட்டடத்திற் குடிபுகுந்த நூலகம் அது. ஏறத்தாழ 97,000 நூல்களும் பழைய ஏடுகளும் ஓரிரவில் அழிந்தன. எந்த நூலுக்கு வேறிடத்திற் படி இருந்ததோ அந்த நூல் பிழைத்தது. யாழ்ப்பாண வைபவமாலை இன்றும் கைக்கெட்டுகிறதென்றால், அது முன்னரே அச்சேறிப் பல வீடுகளுக்குப் பரவியிருந்தமையும், பிரித்தோ என்பவர் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1879இல் வெளியிட்டமையுமே காரணம். படி இல்லாத ஏடுகளின் பெயர்கள்தாமும் இன்று முழுமையாகத் தெரியா.

இக்காலத்தில் ஒரு சமூகத்தின் எழுத்துகளிற் பெரும்பகுதி ஓலையிலும் இல்லை, தாளிலும் இல்லை; கணினியிலே இருக்கிறது. வைத்தியசாலையின் நோயாளர் குறிப்பு, வங்கியின் கணக்கு, பல்கலைக்கழகத்தின் மாணவர் பதிவு, நூலகத்தின் பட்டியல் ஆகியன இரவும் பகலும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. இவற்றிற்குப் படி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏட்டைப் படியெடுத்தவருக்கு இருந்த வசதி இங்கே இல்லை. படியெடுக்கும் அந்த நேரத்திலேயே மூலம் மாறிக்கொண்டிருக்கிறது. மாறிக்கொண்டேயிருக்கும் ஒன்றை அதன் வேலையை நிறுத்தாமல் பிழையின்றிப் படியெடுப்பது எப்படி என்பதே கணினி அறிஞர் எதிர்கொண்ட வினா.

இதனை விளங்கிக்கொள்ள, குடாநாட்டுக் கிராமம் ஒன்றிலுள்ள கூட்டுறவுச் சங்கக் கடையை மனத்தில் எண்ணிக்கொள்வது நலம். கடையில் 100 பக்கங்கள் கொண்ட பேரேடு ஒன்று உண்டு. பக்கத்துக்கு ஓர் அங்கத்தவர். யார் எவ்வளவு அரிசி வாங்கினார், எவ்வளவு கடன், எவ்வளவு வரவு என்று கணக்கப்பிள்ளை நாள் முழுவதும் எழுதிக்கொண்டிருக்கிறார். சங்கம் சந்திக்கு அப்பாலுள்ள புதிய கட்டடத்திற்கு மாறவேண்டும்; அங்கே வைப்பதற்கு இப்பேரேட்டின் படி ஒன்று வேண்டும். எழுத்துப் பழகும் பையன் ஒருவன் முதற் பக்கத்திலிருந்து படியெடுக்கத் தொடங்குகிறான். அவன் 60ஆம் பக்கத்தை எழுதும்போது, 12ஆம் பக்கத்துக்குரிய அங்கத்தவர் வந்து கடனைத் தீர்த்துச் செல்கிறார். மூலத்தில் கடன் அழிந்தது, படியில் அழியவில்லை. பையன் 100ஆம் பக்கத்தை முடித்துவிட்டு நிமிரும்போது அவன் கையில் இருப்பது எந்த நேரத்துக்குமே உண்மையாகாத ஒரு கணக்கு. சில பக்கங்கள் காலைக்குரியன. சில பக்கங்கள் மாலைக்குரியன. கடனைக் கட்டியவர் மறுநாள் புதிய கட்டடத்தில் கடன்காரராகவே நிற்பார்.

கடையைப் பூட்டிவிட்டுப் படியெடுக்கலாமே என்று கூறலாம். சிறு பேரேட்டுக்கு அது பொருந்தும். பேரேடு இலட்சக்கணக்கான பக்கங்கள் உடையதாயின், பூட்டிய கடையின் முன் சனங்கள் நெடுநேரம் காத்து நிற்கவேண்டி வரும். படியெடுத்து முடித்தபின் இரண்டையும் வரிக்கு வரி ஒப்புநோக்கலாமே எனின், ஒப்புநோக்கும் நேரத்திலும் கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டிருப்பார். ஆகவே தேவைப்படுவது ஒன்றே: படியெடுக்கத் தொடங்கியபின் எந்தெந்தப் பக்கம் மாறிற்று என்பதைத் தவறாமற் சொல்லும் ஒரு குறிப்பு.

அக்குறிப்பைப் பெறுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. படியெடுக்கத் தொடங்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் மெல்லிய நூலாற் கட்டிவிடவேண்டும். பக்கத்தைப் படிக்கத் தடையில்லை. எழுதவேண்டுமாயின் நூலை அவிழ்க்க வேண்டும். நூலை அவிழ்க்கும் உரிமை கணக்கப்பிள்ளைக்கு இல்லை. அருகில் நிற்கும் மேற்பார்வையாளருக்கே உண்டு. கணக்கப்பிள்ளை 12ஆம் பக்கத்தில் எழுத முயலும்போது நூல் தடுக்கிறது. மேற்பார்வையாளர் வந்து, '12' என்று தம் துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, நூலை அவிழ்த்து விடுகிறார். கணக்கப்பிள்ளை எழுதுகிறார். அதே பக்கத்தில் அன்று இன்னும் 20 முறை எழுதினாலும் மறுபடி தடையில்லை. ஏனெனில் அப்பக்கம் மாறிற்று என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. கணினி அறிஞர் எழுத்துத் தடை என்று வழங்கும் முறையின் சாரம் இவ்வளவே. எழுதுவதை நிறுத்துவது அதன் நோக்கமன்று. எங்கே எழுதப்படுகிறது என்பதை அறிவதே நோக்கம்.

இனிக் கணினிக்கு வரலாம். இன்று பெரிய நிலையங்களில் ஒரே கணினிக்குள் பல கணினிகள் இயங்குவதுபோலத் தோன்றச் செய்கிறார்கள். அவ்வாறு தோன்றும் ஒவ்வொன்றும் மெய்நிகர் பொறி எனப்படும். அதற்கெனத் தனிச் சட்டமோ தனிப் பெட்டியோ இல்லை. எனினும் அதனுள் இயங்கும் நிரல்கள், தமக்கென ஒரு முழுக் கணினி இருப்பதாகவே கொண்டு வேலை செய்கின்றன. இவையனைத்தையும் ஆளும் மேற்பார்வை நிரல் ஒன்று அடியிலே இருக்கிறது. ஐபிஎம் நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே இவ்வகை ஏற்பாட்டைத் தன் பெருங்கணினிகளுக்கு வெளியிட்டது. அடியிலுள்ள கணினியைப் பழுதுபார்க்க வேண்டும், அல்லது அதன் சுமையைக் குறைக்க வேண்டும் என்னும்போது, மெய்நிகர் பொறியை இயங்கும் நிலையிலேயே வேறொரு கணினிக்கு மாற்றுவார்கள். இதற்கு இடப்பெயர்வு என்று பெயர். ஒரு குறித்த கணத்தில் அப்பொறி இருந்த நிலையை அப்படியே எடுத்துச் சேமித்து வைப்பதும் உண்டு. அதற்குக் கணநிலைப் படி என்று பெயர். இரண்டிற்கும் பொறியின் நினைவகத்தைப் படியெடுத்தல் இன்றியமையாதது.

நினைவகமும் பக்கங்களாகவே பிரிக்கப்பட்டிருக்கிறது. 1962ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் என்னும் கணினியிலிருந்து இப்பக்க முறை வளர்ந்து வந்தது. இன்றைய கணினிகளிற் பெரும்பாலும் ஒரு பக்கம் 4,096 பைற்றுகள் கொண்டது. 8 கிகாபைற்று நினைவகம் உடைய ஒரு பொறியின் பேரேடு 20,97,152 பக்கங்கள் கொண்டதாகும். ஒவ்வொரு பக்கத்துக்கும் பக்க அட்டவணை என்னும் பதிவேட்டில் ஓர் இடம் உண்டு. அப்பக்கம் எங்கே இருக்கிறது, அதனைப் படிக்கலாமா, அதில் எழுதலாமா என்பன அங்கே குறிக்கப்பட்டிருக்கும். எழுதலாம் என்ற குறியை நீக்கிவிடுவதே நூலாற் கட்டுவதற்கு ஒப்பாகும். நீக்கியபின் பொறி அப்பக்கத்தில் எழுத முயன்றால், செயலகம் அவ்வாணையை அந்த இடத்திலேயே நிறுத்தி, மேற்பார்வை நிரலை அழைக்கிறது. இவ்வழைப்பைப் பக்கத் தவறு என்பர். பெயர் தவறாயினும் இங்கே குற்றம் எதுவும் நிகழவில்லை. மேற்பார்வை நிரல் அப்பக்கத்தைக் குறித்துக்கொண்டு, எழுதும் உரிமையை மீட்டளித்து, நின்ற ஆணையை மறுபடி ஓடவிடுகிறது. தான் இடையில் நிறுத்தப்பட்டதைப் பொறி அறியாது.

மேற்பார்வையாளரின் துண்டுத் தாளும் மிகச் சிறியது. ஒரு பக்கத்துக்கு ஒரு புள்ளி போதும்: மாறிற்று, அல்லது மாறவில்லை. 20,97,152 பக்கங்களுக்குரிய அத்தனை புள்ளிகளும் 256 கிலோபைற்றுகளுக்குள் அடங்கிவிடும். இது முழு நினைவகத்தின் 32,768இல் ஒரு பங்கு. இச்சிறு குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய இடப்பெயர்வை நடத்திவிடலாம்.

அது நடக்கும் விதம் வருமாறு. முதலில் எல்லாப் பக்கங்களும் கட்டப்படுகின்றன. பொறி ஓடிக்கொண்டிருக்கிறது, முதற் சுற்றில் எல்லாப் பக்கங்களும் வலையமைப்பு வழியே மறுகணினிக்கு அனுப்பப்படுகின்றன. நொடிக்கு ஒரு கிகாபிற் கடத்தும் இணைப்பாயின், 8 கிகாபைற்று நினைவகம் போய்ச்சேர ஏறத்தாழ 70 நொடி வேண்டும். அந்த 70 நொடியில் பொறி சில பக்கங்களை மாற்றியிருக்கும். இணைப்பு அனுப்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் பக்கங்கள் மாறுகின்றன என்று கொண்டால், இரண்டாஞ் சுற்றில் அனுப்பவேண்டியது பத்தில் ஒன்றே. அதற்கு 7 நொடி. அந்த 7 நொடியில் மாறியதை அனுப்ப 0.7 நொடி. அதன்பின் எஞ்சியதை அனுப்ப 0.07 நொடி. இந்த அளவுக்குக் குறைந்ததும் பொறியைக் கணநேரம் நிறுத்தி, எஞ்சிய பக்கங்களையும் செயலகத்தின் நிலையையும் அனுப்பிவிட்டு, மறுகணினியில் அதனைத் தொடர்ந்து ஓடவிடுவார்கள். 70 நொடி பூட்டியிருக்க வேண்டிய கடை, கண்ணிமைக்கும் நேரமே பூட்டியிருக்கிறது.

மாறிய பக்கங்களைச் சுற்றுச் சுற்றாக அனுப்பும் இம்முறையை 1985ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தம் வி என்னும் இயங்குதளத்திற் செய்து காட்டியிருந்தனர். கேம்பிரிட்ஜ், கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த கிறிஸ்தோபர் கிளார்க் முதலியோர் மெய்நிகர் பொறிகளுக்கு அதனைப் பொருத்தி 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு பெரிதும் அறியப்பட்டது. பலர் ஒரே நேரத்தில் விளையாடும் கணினி விளையாட்டு ஒன்றினை நடத்திக்கொண்டிருந்த பொறியை, விளையாட்டு நிற்காமலே அவர்கள் இடம்பெயர்த்தார்கள். பொறி முற்றாக நின்ற நேரம் 60 மில்லிநொடி அளவே.

இம்முறை எப்போதும் வெற்றிதரும் என்று கொள்ளலாகாது. இதற்குக் குடாநாட்டு மக்கள் நன்கறிந்த உவமை ஒன்று உண்டு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத அந்நிலத்தில் சுண்ணக்கற் பாறையினூடே ஊறும் நீரே கிணறுகளை நிரப்புகிறது. கிணற்றின் அடிச்சேற்றை வாரித் துப்புரவு செய்ய வேண்டுமாயின், முதலில் நீரை இறைத்துத் தீர்க்க வேண்டும். துலாவாயினும் நீரிறைக்கும் இயந்திரமாயினும், ஊற்றின் வேகத்தை வெல்லும் வேகத்தில் இறைத்தாலன்றி அடி தெரியாது. ஊற்றும் இறைப்பும் சமமாயின் எவ்வளவு நேரம் இறைத்தாலும் நீர்மட்டம் நின்ற இடத்திலேயே நிற்கும். புத்தூருக்கு அண்மையில் உள்ள நிலாவரைக் கேணி எவ்வளவு இறைத்தாலும் வற்றாது என்பது ஊர்ப் பேச்சு. பக்கங்களை மிக விரைவாக மாற்றும் பொறியும் அத்தகையதே. அனுப்புவதற்குள் அதே அளவு மாறிவிடுமாயின், சுற்றுகள் முடிவின்றித் தொடரும்.

அப்போது செய்யத்தக்கன சில. பொறிக்குச் செயலகத்தில் கிடைக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, எழுதும் வேகத்தைத் தணிக்கலாம். இது ஊற்றுக்கண்ணை ஓரளவு அடைப்பதற்கு ஒப்பாகும். மற்றொரு வழி முறையைத் தலைகீழாக்குவது. பொறியை முதலில் மறுகணினிக்கு மாற்றி ஓடவிட்டு, அது கேட்கும் பக்கங்களைப் பழைய கணினியிலிருந்து ஒவ்வொன்றாக வருவிப்பது. ஒவ்வொரு பக்கமும் ஒருமுறையே பயணம் செய்வதால் இது நிச்சயமாக முடிவடையும். ஆனால் இடைவழியில் இணைப்பு அறுந்துவிட்டாற் பெருங்கேடு விளையும். புதிய எழுத்துகள் புதிய கணினியில் இருக்கும். வந்துசேராத பக்கங்கள் பழைய கணினியில் இருக்கும். முழுப் பேரேடு எங்கும் இராது. முதலிற் சொல்லப்பட்ட முறையில் அந்த ஆபத்து இல்லை. கடைசிக் கணம் வரை பழைய கணினியில் முழுப் பொறியும் உயிரோடிருப்பதால், இணைப்பு அறுந்தால் அது இருந்த இடத்திலேயே தொடர்ந்து ஓடும்.

மேற்பார்வையாளர் தவறினால் நேரும் கேடு கண்ணுக்குத் தெரியாத கேடு என்பதையும் சொல்லவேண்டும். ஒரு பக்கம் மாறியும் குறிக்கப்படாமற் போனால், படி முழுமையானது போலவே தோன்றும், பொறியும் ஓடும், என்றோ ஒருநாள் தீர்த்த கடன் தீராத கடனாக வெளிவரும். ஆகவே மூன்று இடங்களில் அறிஞர் மிகுந்த எச்சரிக்கை காட்டுகின்றனர்.

முதலாவது, வரிசை. 12ஆம் பக்கம் மாறிற்று என்ற குறி இருக்கிறது; அதனை மறுபடி படியெடுக்க வேண்டும். பக்கத்தைப் படியெடுத்துவிட்டுப் பின்னர் குறியை அழித்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் எழுதப்பட்ட எழுத்து தொலைந்துபோகும். அது படியிலும் ஏறாது, குறிப்பிலும் இராது. ஆகவே முதலிற் குறியை அழித்து, நூலை மறுபடி கட்டி, அதன்பின்னரே படியெடுக்கத் தொடங்க வேண்டும். அப்போது இடையில் யாரேனும் எழுதினால் புதிய குறி விழும். மிஞ்சிப் போனால் ஒரு பக்கம் தேவையின்றி இருமுறை அனுப்பப்படும், எதுவும் தொலையாது.

இரண்டாவது, பழைய அனுமதி. ஒவ்வொரு முறையும் பக்க அட்டவணையைப் பார்த்தால் நேரம் செல்லும் என்பதற்காகச் செயலகம் அண்மையிற் பார்த்த அனுமதிகளைத் தன்னிடமுள்ள சிறு நினைவில் வைத்துக்கொள்கிறது. அட்டவணையில் எழுதும் உரிமையை நீக்கினாலும், செயலகம் பழைய அனுமதியை நம்பி எழுதிக்கொண்டேயிருக்கக்கூடும். நூல் கட்டப்பட்ட செய்தி கணக்கப்பிள்ளைக்கு எட்டாத நிலை அது. ஆகையால் தடை விதித்ததும் அந்தச் சிறு நினைவிலுள்ள பழைய அனுமதிகளையும் நீக்கிவிட வேண்டும். பொறி பல செயலகங்களில் ஓடுமாயின் ஒவ்வொன்றிலும் அதனைச் செய்யவேண்டும்.

மூன்றாவது, பின்வாசல். வீட்டு முன்படலையில் காவல் இருந்தாலும் பின்வேலியிற் பொட்டு இருந்தால் பயனில்லை. வலையமைப்பு அட்டை போன்ற சாதனங்கள் சில செயலகத்தை நாடாமலே நினைவகத்தில் நேராக எழுத வல்லன. அவ்வெழுத்து செயலகத்தின் பக்க அட்டவணை வழியே வராதபடியால், அங்கே கட்டிய நூல் அதனைத் தடுக்காது. சாதனமும் மேற்பார்வை நிரலாற் பாவனை செய்யப்படுவதாயின், அந்நிரல் தான் எழுதும் பக்கங்களைத் தானே குறித்துக்கொள்ளும். உண்மைச் சாதனம் ஒன்று பொறியிடம் நேரே ஒப்படைக்கப்பட்டிருப்பின், அதன் எழுத்துகளைக் கண்காணிக்கத் தனி ஏற்பாடு வன்பொருளிலேயே இருக்கவேண்டும். இல்லையேல் அப்பொறியை ஓடும் நிலையில் இடம்பெயர்ப்பது பாதுகாப்பானதன்று.

கணநிலைப் படிக்கும் இதே நூல்தான் பயன்படுகிறது; ஆனால் மேற்பார்வையாளருக்கு இடப்படும் கட்டளை வேறு. இடப்பெயர்வில் வேண்டப்படுவது பேரேட்டின் இறுதி நிலை. 12ஆம் பக்கம் மாறினால், மாறிய பக்கத்தையே பின்னர் அனுப்ப வேண்டும். கணநிலைப் படியில் வேண்டப்படுவது தொடங்கிய கணத்தின் நிலை. காலை 9 மணிக்கு இருந்த கணக்கு எதுவோ அதுவே வேண்டும். ஆகவே எல்லாப் பக்கங்களையும் ஒரே கணத்திற் கட்டி, செயலகத்தின் நிலையையும் அக்கணமே குறித்துக்கொண்டு, பொறியை ஓடவிடுகிறார்கள். பின்னணியில் பக்கங்கள் ஒவ்வொன்றாகச் சேமிக்கப்படுகின்றன. சேமித்த பக்கத்தின் நூல் அவிழ்க்கப்படுகிறது. இன்னும் சேமிக்கப்படாத பக்கத்தில் பொறி எழுத முயன்றால், மேற்பார்வையாளர் உடனே நூலை அவிழ்ப்பதில்லை. முதலில் பழைய எழுத்தைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, அதன்பின்னரே எழுத விடுகிறார். இங்கே சுற்றுகள் இல்லை. ஒவ்வொரு பக்கமும் ஒருமுறையே எழுதப்படும். முடிவிற் கிடைப்பது, படியெடுக்க எவ்வளவு நேரம் சென்றாலும், காலை 9 மணிக்குரிய முழுமையான பேரேடு. பொறியின் வட்டிலும் அதே கணத்துக்குரியதாகச் சேமிக்கப்பட வேண்டும். நினைவகம் காலைக்குரியதாகவும் வட்டு மாலைக்குரியதாகவும் இருந்தால் முன்கூறிய குழப்பமே மீளும்.

லினக்ஸ் இயங்குதளத்தில் சாதாரண நிரல் ஒன்றே தன் நினைவகப் பக்கங்களுக்கு இவ்வாறு எழுத்துத் தடை விதித்து, எழுத முயலும்போது செய்தி பெறும் வசதி 2020ஆம் ஆண்டு வெளியான 5.7ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்டது. அதனைக்கொண்டு, மெய்நிகர் பொறிகளை இயக்கும் கியூஎமு என்னும் மென்பொருள், பொறி ஓடிக்கொண்டிருக்கையிலேயே கணநிலைப் படி எடுக்கும் முறையை 2021ஆம் ஆண்டு தன் 6.0ஆம் பதிப்பில் அளித்தது. இவ்விரு மென்பொருள்களும் யாவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தத்தக்கவை.

இவ்வசதிக்கு விலை இல்லாமல் இல்லை. நூல் தடுக்கும் ஒவ்வொரு முறையும் பொறி சிறிது நின்று செல்கிறது. ஒரு பக்கத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் 4,096 பைற்றுகளும் மறுபடி அனுப்பப்படுகின்றன. சில பொறிகள் விரைவுக்காக 2 மெகாபைற்று அளவுள்ள பெரும் பக்கங்களைப் பயன்படுத்துவதுண்டு. அப்போது ஓர் எழுத்துக்காக 512 சிறு பக்கங்களின் அளவு அனுப்ப நேரிடும். ஆகவே இடப்பெயர்வின்போது பெரும் பக்கங்களைச் சிறு பக்கங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்ரெல் நிறுவனத்தின் பிற்காலச் செயலகங்களிற் சில, எழுதப்படும் பக்கங்களின் எண்களைத் தாமே ஒரு பட்டியலிற் குறித்து, 512 இடங்களும் நிரம்பியபின்னரே மேற்பார்வை நிரலை அழைக்கின்றன. பக்கத்துக்குப் பக்கம் நின்று செல்லும் தாமதம் இதனாற் குறைகிறது.

இடப்பெயர்வு என்ற சொல் யாழ்ப்பாணத்தார் செவியில் இலேசாக விழும் சொல்லன்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது, கைக்கு அகப்பட்டதையே எடுத்துச் செல்ல முடிந்தது. உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், பள்ளிக்கூடப் பதிவேடுகள், வீட்டுப் புத்தகங்கள் எனப் பின்னே விடப்பட்டவை ஏராளம். மனிதர் முதலில் போனார்கள், பொருள் போகவில்லை. பொறியின் இடப்பெயர்விலோ பொருள் முழுவதும் முதலில் போய்ச் சேர்கிறது. கடைசிப் பக்கமும் சேர்ந்தபின்னரே பொறி புறப்படுகிறது. புறப்பட வேண்டிய நாள் வருமுன்னரே படி வேறிடம் சென்றிருக்க வேண்டும் என்னும் ஒழுங்கு ஊர்ப் பதிவேடுகளுக்கும் ஏற்றதே.

பொது நூலகம் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டு, இன்று யாழ்ப்பாணத்தில் வாசகரை வரவேற்கிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வு வெளிவந்த அதே 2005ஆம் ஆண்டில், இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் எழுத்துகளை மின்வடிவிற் சேமித்து யாவரும் படிக்கத் தரும் 'நூலகம்' என்னும் இணைய நூலகமும் தொடங்கப்பெற்றது. நூல், பத்திரிகை, சஞ்சிகை, நினைவு மலர் என ஆயிரக்கணக்கான ஆவணங்கள் அதிற் சேர்ந்துள்ளன, இன்னும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. சேர்ந்துகொண்டேயிருக்கும் எந்த நூலகத்துக்கும், கதவைப் பூட்டாமலே படியெடுக்கும் வழி தேவை.

ஆயினும் ஒன்றை நேயர்கள் மறக்கலாகாது. எவ்வளவு திருத்தமாக எடுத்த கணநிலைப் படியாயினும், மூலம் இருக்கும் அதே கணினியில், அதே கட்டடத்தில் வைக்கப்படுமாயின், அது பாதுகாப்பாகாது. 1981இல் பொது நூலகத்தினுள்ளே ஒரு நூலுக்கு இரண்டு படிகள் இருந்திருந்தால் இரண்டும் எரிந்தே போயிருக்கும். வேறோர் ஊரில், வேறொருவர் வீட்டில் இருந்த படியே பிழைத்தது. நூலாற் கட்டி, மாறிய பக்கத்தைக் குறித்து, வரிசை தவறாமற் படியெடுப்பது பொறியின் வேலை. அப்படியை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பது மனிதரின் வேலை.